பாம்புச் சட்டையும் ஆமை ஓடும் — கண்டியில் ஒரு நாள்

கண்டி மாநகரைக் காண வருவோர் தலதா மாளிகையைக் கண்டு, வாவிக்கரையில் உலாவி, பேராதனைப் பூங்காவின் மலர்களிடையே சிறிது இளைப்பாறி, மாலைப் புகையிரதத்தில் ஊர் திரும்புவது வழக்கம். நிமிர்ந்து நோக்கினால் மலை, எதிரே நோக்கினால் நீர். இவ்விரண்டையும் விட்டுத் தம் காலடியை நோக்குவோர் மிகச் சிலரே. சென்ற விடுமுறையில் காலடியை நோக்கியவாறே ஒரு நாள் முழுவதும் கண்டியைச் சுற்றி வந்தேன். அதற்குக் காரணம் என் தம்பியின் மகள். வயது பத்து. நிலத்திற் கிடக்கும் எதையும் குனிந்து பாராமல் அவளால் ஓர் அடியும் எடுத்து வைக்க இயலாது.

அந்தானை மலைச்சரிவில் என் மாமி ஒருவர் வாழ்கிறார். வயது எண்பதைத் தாண்டியவர். அவரை மாலையில் காண்பது என்றும், அதுவரை நகரைச் சுற்றுவது என்றும் புறப்பட்டோம்.

வாவிக்கரையில் ஓர் ஓடு

கண்டி வாவி இயற்கையாய் அமைந்ததன்று. கண்டியின் இறுதி மன்னனான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807ஆம் ஆண்டளவில் வயல்வெளியை மறித்து அணையிட்டு ஆக்கியது. நாயக்கர் குலத்தவனான அம்மன்னன் 1815இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, பின்னர் வேலூருக்கு நாடு கடத்தப்பட்டான். அவன் விட்டுச் சென்ற நீர்நிலையில் இன்று மீனும், நீர்க்காகமும், கபரகொயா என்னும் பெரிய நீருடும்பும், ஆமையும் குடியிருக்கின்றன.

வாவியின் மேற்கரையில், மர நிழலில், சிறுமி திடீரென நின்றாள்.

“பெரியப்பா, கூரை ஓடு ஒன்று உடைந்து கிடக்கிறது!”

உள்ளங்கையளவு துண்டு. சாம்பல் கலந்த வெண்மை நிறம். மேற்புறத்தில் மணலைத் தூவி ஒட்டியதுபோலச் சிறுசிறு புடைப்புகள். குச்சியால் அதைப் புரட்டிக் காட்டினேன். உட்புறம் வழவழப்பாய் இருந்தது. அதன் நடுவே பட்டையான எலும்பு ஒன்று குறுக்காகப் புடைத்து ஓடியது.

“கூரை ஓட்டுக்கு விலா எலும்பு உண்டா, அம்மா?” என்றேன். அவள் விழித்தாள். பிறகு, “ஆமையா?” என்று மெல்லக் கேட்டாள்.

ஆமையின் ஓடு என்பது அது வாங்கி அணிந்த கவசம் அன்று. முதுகெலும்பும் விலா எலும்புகளும் விரிந்து, ஒன்றோடொன்று பொருந்தி, உடலின் மேற்கூரையாய் அமைந்ததே ஓடு. ஆகவே ஓட்டை விட்டு ஆமை வெளியேறி உலவும் என்று சிலர் நினைப்பது தவறு. நம் மார்புக்கூட்டை விட்டு நாம் வெளியேற இயலுமாயின் ஆமைக்கும் அது இயலும். நிலத்திற் கிடக்கும் துண்டு ஆமையுடையதா என்று அறிய, அதன் உட்புறத்தைப் பார்த்தலே முதல் வழி. சட்டியிலும் சிரட்டையிலும் விலா எலும்பு இராது.

இனி, எந்த ஆமை? சொரசொரப்பான அந்த மேற்புறமே விடை கூறியது. பெரும்பாலான ஆமைகளின் எலும்புக்கு மேலே, நம் நகம் ஆன பொருளாலேயே ஆன தகடுகள் பதிந்திருக்கும். ஆனால் பாலாமை எனப்படுவதற்கு அத்தகடுகள் இல்லை. சிங்களத்தில் அதனைக் ‘கிரி இப்பா’ என்பர். ‘கிரி’ என்றால் பால். அதன் எலும்பைத் தோலே மூடியிருக்கும். தோல் மக்கிய பின், புடைப்புகள் நிறைந்த எலும்பு வெளிப்படும். அடிப்புறத்தில் பின்னங்கால்களை மூடிக்கொள்ளும் மடிப்புத் தோல்களும் இவ்வாமைக்கு உண்டு. உயிருடன் காண்போர் அவற்றைக் கொண்டே அடையாளம் சொல்லலாம்.

துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நடந்தோம். சிறுமிக்கு அதைப் பிரிய மனமில்லை. ஆயினும் வனசீவராசிகளைக் காக்கும் கட்டளைச் சட்டம் இந்நாட்டில் 1937ஆம் ஆண்டு முதலே உண்டு. காண்பதற்கும் படம் எடுப்பதற்கும் தடையில்லை; பைக்குள் இடுவது வேறு காரியம் என்று சொல்லி அவளைத் தேற்றினேன்.

உடவத்தைக் காட்டில் ஒரு மணிமாலை

தலதா மாளிகைக்குப் பின்னே ஏறிச் சென்றால் உடவத்தகலே என்னும் காடு. மன்னர் காலத்தில் அரண்மனைக்கு மேலே அமைந்த தோட்டம். 1856இல் ஒதுக்குக் காடாகவும், 1938இல் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது. நகரின் இரைச்சல் நூறு அடிக்குக் கீழே கேட்டுக்கொண்டிருக்க, இங்கே சருகின்மேல் நீர்த்துளி விழும் ஓசை காதிற் படுகிறது.

பாதையோரத்து வேரிடுக்கில், வெண்மையான சிறு மணிகளைக் கோத்ததுபோன்ற ஒன்று வளைந்து கிடந்தது. “மீன் முள்!” என்றாள் சிறுமி. அவள் மட்டுமன்று, பெரியோரும் அவ்வாறே மயங்குவர்.

மீனின் முள்ளெலும்பை எடுத்துப் பார்த்தால், முன்னும் பின்னும் இரு பக்கமும் கிண்ணம்போலக் குழிந்திருக்கும். பாம்பினுடையது அவ்வாறன்று. முன்பக்கம் குழி, பின்பக்கம் உருண்டை. ஒன்றின் உருண்டை அடுத்ததன் குழியில் அமர்ந்து சுழலும். உடும்பின் எலும்பிலும் இக்குழியும் உருண்டையும் உண்டு. ஆனால் பாம்புக்கு அவற்றின் மேலே இன்னுமோர் இணைப்பு இருக்கிறது. தச்சன் ஒரு பலகையில் நாக்கும் மற்றதில் காடியும் வெட்டிச் சேர்ப்பதுபோல, ஒவ்வோர் எலும்பின் முன்னும் ஒரு முளை, பின்னே அதற்கேற்ற குழிவு. இவ்விணைப்பு உள்ளதாலன்றோ, பாம்பு எவ்வளவு வளைந்தும் அதன் முதுகு முறுக்கேறி ஒடிவதில்லை! மனிதனின் முதுகில் 33 எலும்புகள். பாம்புக்கோ இருநூறுக்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவற்றில் ஒரு சோடி விலா எலும்பு. மார்பெலும்பு மட்டும் இல்லை.

எந்தப் பாம்பு என்பதை அம்மணிமாலை சொல்லவில்லை. தலையெலும்பு இருந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருக்கும். ஆனால் பாம்பின் தலையெலும்பு மெல்லிய துண்டுகளால் ஆனது. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் தசைநாரால் மட்டுமே இணைந்தவை. இறந்த சில நாளில் அது சிதறிவிடும். ‘தலை இல்லையேல் தீர்ப்பும் இல்லை’ என்று சிறுமியிடம் கூறினேன். அச்சொல் என் மனத்தில் ஏன் தைத்தது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

மகாவலிக் கரையில்

நண்பகலில் பேராதனை. 1821இல் தோன்றிய பூங்காவை மூன்று புறமும் மகாவலி கங்கை வளைத்துச் செல்கிறது. அதற்கு வெளியே, வெள்ளம் வடிந்த மணற்கரை ஒன்றில், கவிழ்ந்த கிண்ணம்போல முழு ஓடு ஒன்றைக் கண்டோம். கருநிறம். முதுகில் நீளவாக்கில் மூன்று வரம்புகள். கறுப்பு ஆமை இதுவே. அதன் அறிவியற் பெயரில் உள்ள ‘திரைஜுகா’ என்ற சொல்லும் அம்மூன்று வரம்புகளையே குறிக்கிறது. சிங்களத்தில் ‘கல் இப்பா’, அதாவது கல்லாமை.

ஒரு புறத்தில் கருந்தகடு உரிந்து எலும்பு தெரிந்தது. தகடுகளின் விளிம்பும் எலும்புகளின் பொருத்தும் ஒரே கோட்டில் அமையவில்லை. கொத்தனார் செங்கல் அடுக்கும்போது மேல்வரிசையின் இணைப்பைக் கீழ்வரிசையின் இணைப்புக்கு நேராக வைப்பாரா? வைத்தால் சுவர் பிளக்கும். இயற்கையும் அதே முறையைக் கையாண்டிருக்கிறது. எலும்பு மாத்திரம் கிடைத்தாலும், தகடு பதிந்திருந்த இடத்தில் மெல்லிய பள்ளக்கோடு தெரியும். கோடு இருந்தால் தகடுடைய ஆமை. கோடின்றிப் புடைப்பு மட்டும் இருந்தால் பாலாமை.

மஞ்சட் கதிர்கள் வரைந்த, குன்றுபோல் உயர்ந்த ஓடு ஒன்றைக் கண்டி மலையிற் கண்டால் ஐயுற வேண்டும். அது நட்சத்திர ஆமை. வறண்ட நிலத்துக்கு உரியது. ஈரமான இம்மலைக்கு அது தானாக ஏறி வருவதில்லை, யாரோ தூக்கி வந்திருப்பர். அழகே அதற்குப் பகையாயிற்று. பிடித்து விற்போர் பெருகியமையால், 2019ஆம் ஆண்டு உலக நாடுகள் கூடி அதன் வாணிகத்துக்கு மிகக் கடுமையான தடையை விதித்தன. கண்பின்னே செந்நிறப் பட்டையுடைய அமெரிக்க ஆமையும் வளர்ப்புக் கடைகளின் வழியே இலங்கைக்கு வந்திருக்கிறது. ஆகவே ஓட்டைப் பார்க்குமிடத்து, ‘இஃது இவ்வூருக்கு உரியதுதானா?’ என்ற வினாவையும் கேட்டல் நன்று.

இக்கலை கண்டிக்குப் புதியதன்று. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட நூலில் ‘பொலங்கா’வையும் ‘நோயா’வையும் பற்றி எழுதியுள்ளார். விரியனும் நாகமுமே அவை. 1921இல் பிராங்க் வோல் இலங்கைப் பாம்புகளைப் பற்றியும், 1939இல் பி. ஈ. பி. தெரணியகலை ஆமைகளையும் முதலைகளையும் பற்றியும் விரிவான நூல்களைத் தந்தனர். அண்மைக் காலத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கலன மதுவகேயும் அவருடன் உழைத்தோரும், கூன்மூக்கு விரியன் இனத்தை ஆராய்ந்து, அதில் மூன்று வகைகள் உண்டென 2009இல் வகுத்துரைத்தனர். மூக்கின் நுனி மேல்நோக்கி வளைந்த அச்சிறு பாம்பே என் கதையின் நாயகன்.

அந்தானைச் சரிவில் நடந்தது

மாலையில் அந்தானைக்கு ஏறினோம். 1925ஆம் ஆண்டுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இப்போது தேயிலை நூதனசாலையாக நிற்கும் சாலை அது. ஏறும்போதே சிறுமிக்கு அக்கதையைச் சொன்னேன். வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

1973ஆம் ஆண்டு. எனக்குப் பதினொரு வயது. பாடசாலை விடுமுறைக்கு மாமி வீட்டுக்கு வந்திருந்தேன். அப்போது மாமி கொழுந்து பறிக்கும் இளம்பெண். லயத்தின் பின்புறம் விறகுக்காகக் குவித்திருந்த கவ்வாத்து மிலாறுகளுக்கிடையே நீண்ட பாம்புச் சட்டை ஒன்றை நான் கண்டெடுத்தேன். ஆறடிக்கும் மேல் நீளம். “நாகம்!” என்று கூவினேன். லயமே திரண்டது. தடிகளுடன் தேடி, மூன்றாம் நாள் ஒரு பெரிய சாரைப் பாம்பைப் பிடித்து அடித்துக் கொன்றனர். நாகம் இல்லையே என்று ஒருவர் சொன்னபோது, சாரைதான் நாகத்தின் ஆண் என்று மற்றொருவர் சமாதானம் கூறினார். இரண்டும் வெவ்வேறு இனம் என்பதையும், பிணையல் என்று நாம் காண்பது இரு ஆண் சாரைகளின் மற்போர் என்பதையும் அன்று அங்கே அறிந்தவர் எவரும் இல்லை. அச்சம் தீர்ந்தது என்று அனைவரும் உறங்கினர்.

ஒரு கிழமை கழிந்து, அந்தி வேளையில், விறகெடுக்கச் சென்ற மாமி அலறினார். சருகினடியில் ஒரு சாண் அளவுக்குச் சற்று மேற்பட்ட, பழுப்பு நிறமான, தடித்த சிறு பாம்பு. கால் விரலிற் கடித்திருந்தது. பக்கத்தில் நின்ற நான் பெருங்கல் ஒன்றைத் தூக்கி அதன் தலையின்மேற் போட்டேன். மாமியைக் காத்துவிட்டேன் என்றே அப்போது எண்ணினேன்.

அந்த உடலைத் தாளிற் சுற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினார்கள். வைத்தியர் தாளைப் பிரித்தார். “தலை எங்கே?” என்றார். தலை கூழாகிக் கல்லோடு ஒட்டிப்போயிருந்தது. எல்லோரும் கண்ணாடி விரியன் என்று சாதித்தனர். கால் வீங்கிக்கொண்டே போனது. மருந்து ஏற்றப்பட்டது. ஏற்றிய சிறிது நேரத்தில் மாமிக்கு உடலெங்கும் தடிப்புப் படர்ந்து மூச்சு முட்டியது. அம்மருந்தே அவருக்கு ஒவ்வாமற் போயிற்று. அந்த இரவைத் தாண்டுவார் என்று எவரும் நம்பவில்லை. தாண்டினார். ஆறு கிழமைக்குப் பின் வீடு திரும்பினார், கால் விரல் ஒன்று இல்லாமல்.

அளவும், நிறமும், கிடந்த இடமும் கொண்டு நோக்கின், அது கூன்மூக்கு விரியனாகவே இருந்திருக்க வேண்டும் என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னரே உணர்ந்தேன். சிங்களத்தில் அதனைக் ‘குணகட்டுவா’ என்பர். இலங்கையில் நச்சுப்பாம்புக் கடிகளுட் பெரும்பங்கு இதனுடையது. பெரும்பாலும் வீக்கத்தோடும் கொப்புளத்தோடும் நின்றுவிடும். சிலருக்குக் குருதி உறையாமற் போகும், சிறுநீரகம் பழுதுறும், உயிரே போவதும் உண்டு. நம் வைத்தியசாலைகளில் வழங்கும் இந்தியக் கூட்டு நச்சுமுறிமருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கென ஆக்கப்பட்டது. கூன்மூக்கு விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. பயன் தராத அம்மருந்து, சிலருக்கு ஒவ்வாமையை மட்டும் தந்துவிட்டுப் போகும். இப்பாம்பைச் சுருட்டை விரியன் என்று மயங்கிய நிகழ்ச்சிகள் கேரளத்திலும் நேர்ந்தன என்பதை 2007இல் வைத்தியர்கள் எழுதினர். ‘எந்தப் பாம்பு?’ என்ற கேள்வி பொழுதுபோக்கன்று, உயிரைத் தொடும் கேள்வி.

தலை இருந்திருந்தால் வைத்தியருக்குத் தெரிந்திருக்கும். கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி. மூக்கு நுனியில் சிறு செதில்கள், உச்சந்தலையின் பின்பகுதியில் பெரிய தகடுகள். கண்ணாடி விரியனுக்கோ குழி இல்லை, தலை முழுவதும் சிறு செதில்களே. இந்த வேறுபாடுகள் அனைத்தையும் ஒரே கல்லால் அழித்தவன் நான்.

இன்று அக்கல்லும் தேவையில்லை. எட்ட நின்று கைபேசியில் ஒரு படம் எடுத்தாற் போதும். பாம்பைத் துரத்தி அடிக்கப் போய் இரண்டாம் கடி வாங்கியோரும் உண்டு. இறந்த பாம்பையும் கையாற் தொடலாகாது. துண்டான தலையும் சிறிது நேரம் கடிக்கும் ஆற்றலுடையது. கடிபட்டவரை நடக்க விடாமல், கடிவாயை அறுக்காமல், உறிஞ்சாமல், இறுகக் கட்டாமல், மோதிரம் சிலம்பு முதலியவற்றைக் கழற்றிவிட்டு, வைத்தியசாலைக்குத் தூக்கிச் செல்வதே முறை.

மாமி வீட்டு விறகடுக்கில்

மாமி வாசலிலேயே காத்திருந்தார். தேநீர் அருந்தும் நேரத்துக்குள் சிறுமி வீட்டின் பின்புறம் போய்விட்டாள். அடுத்த நொடி அவள் குரல்: “பெரியப்பா! சட்டை!”

ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நான் கூவிய அதே இடம் அன்று. ஆயினும் அதே மிலாறு, அதே போன்ற நீண்ட சட்டை. என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. நீண்ட கம்பொன்றால் அதை வெளியே இழுத்து, ஒரு பலகையில் விரித்து, மூவரும் அமர்ந்தோம்.

பாம்பு உதட்டிலிருந்து தோலை உரிக்கத் தொடங்கி, காலுறையைக் கழற்றுவதுபோல உட்புறம் வெளியாகத் திருப்பிவிட்டுச் செல்லும். தோல் இழுபட்டு நீளுமாதலால், சட்டை எப்போதும் பாம்பைவிட நீளமாகவே இருக்கும். சட்டையின் நீளத்தைக் கண்டு அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்க. கண்ணின் இடத்தில் கண்ணாடி போன்ற ஒரு மூடி அப்படியே இருந்தது. பாம்புக்கு இமை இல்லை. அம்மூடியும் சட்டையோடு கழன்றுவிடும். பல்லியும் ஓணானும் பெரும்பாலும் துண்டு துண்டாகவே தோலுரிப்பன. வயிற்றுப்புறத்தில் ஏணிப்படிகள் போன்ற அகன்ற தகடுகள் வரிசையாக இருந்தால், அது பாம்பு என்பதில் ஐயமில்லை.

“நடு உடம்பில், வயிற்றுத் தகட்டின் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, சாய்வாகச் செதில்களை எண்ணு” என்றேன். சிறுமி விரல்நுனியால் எண்ணினாள். பதினேழு. கண்ணாடி விரியனாயின் இருபத்தேழுக்குக் குறையாது. இலங்கை நாகமாயின் இருபத்தொன்றை ஒட்டி வரும். கூன்மூக்கு விரியனுக்கும் பதினேழுதான், ஆனால் அது ஒரு முழத்தளவே வளரும், இச்சட்டையோ ஏழடி. தலையின் பக்கத்தில், மூக்குக்கும் கண்ணுக்கும் நடுவே சிறிய செதில்கள் மூன்று நின்றன. நாகத்துக்கு அவ்விடத்தில் அத்தகைய செதில் இல்லை. படம் எடுக்கும் பாம்பாயினும் சட்டையில் படம் விரிந்து கிடக்காது. ஆதலால் கழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் முகத்தைப் பார்ப்பதே நலம்.

“சாரை!” என்றாள் சிறுமி.

மாமி அதுவரை ஒன்றும் பேசவில்லை. நான்கு விரல்களே உள்ள காலை மடக்கிக்கொண்டு, குனிந்து, சட்டையை மெல்லத் தடவிப் பார்த்தார்.

“அன்றைக்கு நாம் அடித்தது இதைத்தானே, தம்பி?”

“ஆமாம், மாமி. எலியைத் தின்று திரிந்த பிராணியை அடித்தோம். கடித்ததை அறியாமலே விட்டோம்.”

“வால் எந்தப் பக்கம் இருந்தது?”

“மேலே, தேயிலை மலைப் பக்கம். பெரும்பாலும் வால் நீண்டிருக்கும் திசையிலேதான் பாம்பு வெளியேறியிருக்கும்.”

“அப்படியானால் அது அதன் வழியில் போய்விட்டது. போகட்டும்” என்றார் மாமி. பிறகு சிறுமியிடம், “விறகை இனி நிலத்திற் குவிக்க வேண்டாம் என்று உன் சித்தப்பாவிடம் சொல். தட்டு அடித்து மேலே அடுக்கட்டும். அந்தியில் விளக்கில்லாமல் இந்தப் பக்கம் வராதே. செருப்பைப் போட்டுக்கொள்” என்றார். நூல் பல கற்ற எவரும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிட முடியாது.

கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவிக்கொண்டு இறங்கினோம். கீழே நகரின் விளக்குகள் வாவியில் விழுந்து கிடந்தன. ஆமை தன் ஓட்டை இறந்த பின்னரே விட்டுச் செல்கிறது. பாம்போ சட்டையை விட்டுவிட்டு உயிரோடு நடமாடுகிறது. ஓட்டைக் கண்டால் ஓர் உயிர் முடிந்தது என்று அறிக. சட்டையைக் கண்டால் ஓர் உயிர் அருகில் இருக்கிறது என்று அறிக. அதன் பெயரையும் அறிந்துகொண்டால், தடியைத் தேட வேண்டுமா, விளக்கைத் தேட வேண்டுமா என்பது தானே விளங்கும்.

சிறுமி வழிநெடுக ஏதோ எண்ணிக்கொண்டே வந்தாள். கேட்டேன். “பதினேழு வரை மறந்துவிடாமல் இருக்க” என்றாள்.